ஆங்கில விண்ணப்பத்தில் ‘சேஞ்ச்’ என்று எழுதும் முன்: வேலூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஒடுகத்தூர் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு வேலைக்கோ, கல்லூரிக்கோ, கல்யாணமாகியோ வேலூர் டவுனுக்கு வந்திருக்கிறீர்களா? வந்த கொஞ்ச நாளிலேயே வங்கி, ஆதார், பாஸ்போர்ட், மின்வாரியம் என்று ஏதாவது ஒரு கவுன்ட்டரில் ஆங்கிலப் படிவம் கைக்கு வந்துவிடும். அதில் எதையாவது மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். மாற்றுவது என்றால் நமக்கு உடனே வாயில் வருவது ‘சேஞ்ச்’தான். பாதி இடத்தில் அது சரியாகவே வேலை செய்யும். மீதி இடத்தில் அந்த ஒரு வினைச்சொல்லால் தவறான வரிசையில் நிற்போம், தேவையில்லாத காகிதத்தைத் தேடி அலைவோம்.

கல்யாணத்துக்குப் பிறகு சத்துவாச்சாரிக்குக் குடிவந்து என் ஆவணங்களை ஒழுங்குபடுத்த அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓர் அலுவலகத்தில், பெயரில் விழுந்திருந்த எழுத்துப்பிழையைத் திருத்தக் கேட்டுக் கொடுத்த மனுவை ‘நேம் சேஞ்ச்’ என்று பதிந்துகொண்டு, கெஜட் (பெயர் மாற்றம் அச்சான அரசிதழ்) கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பிழையைத் திருத்த கெஜட் எதற்கு? யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம்தான் படிவங்களில் இருக்கும் ஆங்கில வினைச்சொற்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன்.

கட்டணங்கள் நான் எழுதும்போது உள்ளவை. கிளம்பும் முன் ஒருமுறை அந்தந்தத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. தானாக மாறியதா, நீங்கள் மாற்றினீர்களா?

தமிழில் ‘மாறு’ வேறு, ‘மாற்று’ வேறு. ஊர் மாறியது, உடையை மாற்றினேன். யார் செய்தது என்பது வினையிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘சேஞ்ச்’தான். யார் செய்தது என்பதை வாக்கியத்தின் எழுவாய்தான் சொல்ல வேண்டும். ‘தி டைமிங் ஹேஸ் சேஞ்ச்டு’ என்றால் நேரம் மாறியிருக்கிறது. ‘தே ஹேவ் சேஞ்ச்டு தி டைமிங்’ என்றால் அவர்கள் மாற்றியிருக்கிறார்கள்.

நாம் பெரும்பாலும் ‘மை நம்பர் இஸ் சேஞ்ச்டு’ என்று எழுதுகிறோம். கேட்பவருக்குப் புரியும். ஆனால், விண்ணப்பத்தில் ‘ஹேஸ் சேஞ்ச்டு’ என்று எழுதினால்தான் ‘மாறிவிட்டது, இப்போது புதியது நடப்பில் இருக்கிறது’ என்ற பொருள் சுத்தமாக வரும். ‘ஐ ஆம் சேஞ்ச்டு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் திருந்திவிட்டேன் என்பதுபோல இருக்கும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது வெறும் இலக்கணம் இல்லை. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயின. ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை எல்லாம் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. வீடு அதே தெருவில் அப்படியே இருக்கிறது, முகவரியில் மாவட்டம் மட்டும் மாறிவிட்டது. இதற்கு ‘ஐ ஹேவ் சேஞ்ச்டு மை அட்ரஸ்’ என்று எழுதினால், வீடு மாறிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு புது வீட்டின் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். ‘தி டிஸ்ட்ரிக்ட் ஹேஸ் சேஞ்ச்டு. தி ஹவுஸ் இஸ் தி சேம்’ என்று இரண்டு சின்ன வாக்கியம் போதும்.

அம்மா, அப்பாவின் பழைய சான்றிதழ்களில் ‘வட ஆற்காடு’ என்றோ ‘வட ஆற்காடு அம்பேத்கர்’ என்றோ இருக்கும். அது பிழை இல்லை, அன்றைய பெயர் அதுதான். அதைத் திருத்தித் தரச் சொல்லி யாரிடமும் மனு கொடுக்க வேண்டாம்.

2. எந்த வினை என்று முடிவு செய்யுங்கள்

தமிழில் நாம் ‘மாற்று’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு ஊரையே ஆள்கிறோம். ஆங்கில அலுவலகங்கள் அதை ஏழெட்டுச் சொல்லாகப் பிரித்து வைத்திருக்கின்றன. எது எங்கே என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதெல்லாம் ‘ட்ரான்ஸ்ஃபர்’. பட்டா மாறுதல் ஆங்கிலத்தில் ‘பட்டா ட்ரான்ஸ்ஃபர்’. பள்ளியில் வாங்கும் மாற்றுச் சான்றிதழ் ‘ட்ரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட்’, அதாவது நம் டி.சி. பணியிட மாறுதலும் ட்ரான்ஸ்ஃபர்தான். வங்கிக் கணக்கைக் குடியாத்தம் கிளையிலிருந்து வேலூர் கிளைக்குக் கொண்டுவர ‘சேஞ்ச் மை பேங்க்’ என்று எழுதினால் வங்கியையே மாற்றுவதாகிவிடும். ‘ட்ரான்ஸ்ஃபர் மை அக்கவுண்ட்’ என்று எழுதுங்கள்.

மின் இணைப்பில் இரண்டும் உண்டு. வீட்டை வாங்கியவர் பெயருக்கு இணைப்பைக் கொண்டுவருவது ‘நேம் ட்ரான்ஸ்ஃபர்’. அதே வீட்டின் முன்பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டால் கட்டண வகை மாற வேண்டும், அது ‘டேரிஃப் சேஞ்ச்’. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம்.

பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்பது ‘ரீப்ளேஸ்’. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது ‘எக்ஸ்சேஞ்ச்’. துணிக்கடையில் சட்டை சின்னதாக இருக்கிறது, பெரியது வேண்டும் என்றால் எக்ஸ்சேஞ்ச். அதே சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் ‘ஆல்ட்டர்’. நாமே ‘ஆல்ட்ரேஷன்’ என்றுதான் சொல்கிறோம், அதனால் இதில் குழப்பம் வராது. டாலரை ரூபாயாக்குவதும் எக்ஸ்சேஞ்ச்தான். ஐநூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை கேட்கும்போது மட்டும் ‘சேஞ்ச்’: ‘கேன் யூ சேஞ்ச் எ ஃபைவ் ஹண்ட்ரட்?’ பணத்தை ஒருவர் கணக்குக்கு ‘மாத்தி விடுவது’ திரும்பவும் ட்ரான்ஸ்ஃபர்.

மதம் மாறுவது ‘கன்வர்ட்’. ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் ஷிஃப்ட்டை மாற்றித் தரக் கேட்டால் ‘சேஞ்ச் ஆஃப் ஷிஃப்ட்’ சரி. ஆனால், உங்கள் ஷிஃப்ட்டை இன்னொருவர் எடுத்துக்கொண்டு அவருடையதை உங்களுக்குத் தருகிறார் என்றால் ‘ஸ்வாப்’ என்று எழுதுங்கள். இல்லையென்றால் உங்களுக்கு மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, அவரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

வேலூரில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரி ஆங்கிலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1971-இலேயே சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்த ஊர் இது. நாம் சாதாரணமாக ‘அவருக்குக் கிட்னி மாத்தியிருக்காங்க’ என்கிறோம். அதையே ‘தே சேஞ்ச்டு ஹிஸ் கிட்னி’ என்று விடுப்பு விண்ணப்பத்தில் எழுதினால், வண்டிக்குச் செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றியதுபோல இருக்கும். உறுப்பு என்றால் ‘ட்ரான்ஸ்ப்ளான்ட்’. மூட்டு, இதய வால்வு என்றால் ‘ரீப்ளேஸ்மென்ட்’. கட்டுப் பிரித்துப் புதிதாகக் கட்டுவது மட்டும் ‘டிரெஸ்ஸிங் சேஞ்ச்’. டாக்டரைப் பார்க்கும் தேதியை மாற்ற ‘சேஞ்ச் மை அப்பாயின்ட்மென்ட்’ என்றாலும் புரியும். ‘ரீஷெட்யூல்’ என்றால் இன்னும் தெளிவு, ரத்து செய்யவில்லை, வேறு தேதிதான் கேட்கிறீர்கள் என்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 8-ஐ எடுத்துப் பாருங்கள். குடிபெயர்ந்தால் ‘ஷிஃப்டிங்’, பதிவில் தவறு இருந்தால் ‘கரெக்‌ஷன்’, அட்டை தொலைந்தாலோ கிழிந்தாலோ ‘ரீப்ளேஸ்மென்ட்’. தலைப்பில் ‘சேஞ்ச்’ இல்லவே இல்லை. எதை டிக் செய்கிறீர்களோ அதற்குரிய ஆதாரம்தான் கேட்பார்கள்.

ரேஷன் கார்டிலும் அப்படித்தான். கல்யாணமான பெண்ணின் பெயரை ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு ‘மாற்ற’ ஒரே விண்ணப்பம் என்று ஒன்று இல்லை. பிறந்த வீட்டுக் கார்டில் நீக்கம், பிறகு புகுந்த வீட்டுக் கார்டில் சேர்ப்பு. நீக்கம் முடியாமல் சேர்ப்புக்குப் போனால் நிராகரிப்புதான் வரும். அந்தத் தளம் தமிழிலும் இருப்பதால் ஆங்கிலத் தொல்லை இல்லை.

3. கரெக்‌ஷனா, சேஞ்சா?

பெயர் விஷயத்தில் இந்த இரண்டு சொல்லையும் குழப்பினால் பணமும் நாளும் போகும். இதை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் உண்மையான பெயர் ஒன்று, ஆவணத்தில் தப்பாக ஏறியிருப்பது இன்னொன்று என்றால் அது ‘கரெக்‌ஷன்’. சரியான பெயர் இருக்கும் இன்னோர் ஆவணத்தைக் காட்டினால் போதும். இத்தனை நாள் இருந்த பெயரை விட்டுவிட்டு வேறு பெயரை வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் அது ‘சேஞ்ச்’. அதற்கு நீங்கள் மாற்றிக்கொண்டதற்கான சட்டபூர்வ ஆதாரம் வேண்டும். எழுத்துக்கூட்டல் பிழைக்கு ‘ப்ளீஸ் சேஞ்ச் மை நேம்’ என்று எழுதிக் கொடுத்தால், நீங்களே உங்களை இரண்டாவது வகையில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்கிறீர்கள். ‘ப்ளீஸ் கரெக்ட் தி ஸ்பெல்லிங் ஆஃப் மை நேம்’ என்று எழுதுங்கள்.

பிறப்புச் சான்றிதழ்: பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் பதிவாளருக்கு இருப்பது பிழையைத் திருத்தும் அதிகாரம்தான். பிடிக்காத பெயரை மாற்றித் தரும் அதிகாரம் இல்லை. அதனால் இங்கே எப்போதும் ‘கரெக்‌ஷன்’. குழந்தையின் பெயரே இல்லாமல் பதிவாகியிருந்தால் அது சேஞ்சும் இல்லை, கரெக்‌ஷனும் இல்லை, பெயர் சேர்ப்பு. பதிவு செய்து ஓராண்டுக்குள் இலவசம். அதற்குமேல் 15 ஆண்டு வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். இதில் நிறையப் பேர் தடுக்கி விழுவது இடத்தில்தான். குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு இருக்கும். நீங்கள் பேர்ணாம்பட்டு ஆளாக இருந்தாலும், வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் மாநகராட்சியில்தான் கேட்க வேண்டும்.

ஆதார்: இங்கே சொல் ‘அப்டேட்’. கரெக்‌ஷன், சேஞ்ச் இரண்டும் அதற்குள் அடக்கம். வசதிதான், ஆனால் எண்ணிக்கை வரம்பு உண்டு. பெயரை வாழ்நாளில் இரண்டு முறை, பிறந்த தேதியை ஒரே முறை. இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற சின்ன விஷயத்துக்கு ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிட்டு, கல்யாணத்துக்கு ஒன்றைச் செலவழித்தால் அப்புறம் கையில் எதுவும் இருக்காது. பெயர், முகவரி போன்ற விவரங்களை மாற்ற 2025 அக்டோபர் முதல் 75 ரூபாய், கைரேகை, புகைப்படம் என்றால் 125 ரூபாய். கூடுதலாகக் கேட்டால் ரசீது கேளுங்கள். மையத்தில் ஆபரேட்டர் தட்டச்சு செய்ததும் திரையைக் காட்டுவார். அந்த நேரத்தில் போனைப் பார்க்காமல் எழுத்து எழுத்தாக வாசியுங்கள். தமிழ் எழுத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பான் அட்டை: படிவத்தின் தலைப்பிலேயே ‘சேஞ்சஸ் ஆர் கரெக்‌ஷன்’ என்று இரண்டும் இருக்கும். எந்த விவரமோ அதற்கு இடப்பக்கம் இருக்கும் கட்டத்தை மட்டும் டிக் செய்ய வேண்டும். அட்டை வீட்டுக்கு வர 107 ரூபாய். இனிஷியலை இங்கே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், விரித்து முழுப்பெயராக எழுத வேண்டும்.

பாஸ்போர்ட்: புத்தகம் ஒருமுறை அச்சாகிவிட்டால் அதன்மேல் எதையும் திருத்தித் தர மாட்டார்கள். பெயரோ, முகவரியோ, கணவர் பெயர் சேர்ப்போ, எதுவானாலும் ‘ரீஇஷ்யூ’ என்ற தலைப்பில் போய், காரணமாக ‘சேஞ்ச் இன் எக்ஸிஸ்டிங் பெர்சனல் பர்ட்டிகுலர்ஸ்’ என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1500 ரூபாய், 60 பக்கம் 2000. தட்கல் என்றால் அதற்குமேல் இன்னொரு 2000. சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் மட்டும் இணையத்தில் எடுத்துக்கொண்டு போங்கள்.

பாஸ்போர்ட்டிலும் இனிஷியல் நடக்காது. ‘கே. சுமதி’ என்றால் ‘கே’யை விரித்து அப்பா பெயரை எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு ‘சுமதி’ என்று மட்டும் எடுப்பவர்களும் உண்டு. நம் பக்கத்தில் துபாய், அபுதாபி போகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. விண்ணப்பிக்கும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவது பிற்பாடு இன்னொரு 1500 ரூபாயை மிச்சப்படுத்தும்.

கெஜட்: பெயரையே முற்றிலும் மாற்றுகிறீர்கள் என்றால் இதுதான் வழி. தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடுகிறது, அலுவலகம் சென்னையில். பதினெட்டு வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோர் கையெழுத்திடலாம். ஆங்கிலத்தில் வெளியிடுவதைவிடத் தமிழில் வெளியிடுவதற்குக் கட்டணம் குறைவு, ஆனால் பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை என்று திட்டமிருந்தால் ஆங்கிலத்திலேயே எடுங்கள். என் கருத்தில் அந்தப் பணம் வீண் இல்லை. அச்சாகி வரும் வாசகத்தைக் கவனியுங்கள்: ‘ஷேல் ஹென்ஸ்ஃபோர்த் பி நோன் அஸ்’, அதாவது இனிமேல் இன்ன பெயரால் அறியப்படுவேன். பகுதித் தலைப்பில் ‘சேஞ்ச் ஆஃப் நேம்ஸ்’ என்று இருக்குமே தவிர, உங்கள் வாக்கியத்தில் அந்த வினை வராது. அதனால், ‘கெஜட்டில் சேஞ்ச் என்ற வார்த்தையே இல்லையே’ என்று ஏதாவது கவுன்ட்டரில் கேட்டால் பதற வேண்டாம், தலைப்பு இருக்கும் பக்கத்தைக் காட்டுங்கள். விண்ணப்பத்தில் சொந்த மாவட்டம் என்று ஒரு கேள்வி வரும். ஆற்காட்டில் பிறந்தவர் வேலூர் என்று எழுதுவதா, ராணிப்பேட்டை என்று எழுதுவதா? நீங்கள் இணைக்கும் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டிலும் வேறு வேறாக இருந்தால் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கல்யாணமான பெண்களுக்குத் தனியாக ஒன்று. அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் இனிஷியலைப் போடுவது கரெக்‌ஷன் இல்லை, சேஞ்ச். கல்யாணச் சான்றிதழ் கேட்பார்கள். திருமணம் நடந்து 90 நாட்களுக்குள் பதிவு செய்திருந்தால் அது சுலபமாகக் கையில் இருக்கும். ஆனால், கல்யாணமானால் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை என்றால் அப்பா இனிஷியலையே விட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் பி.எஃப். கணக்கு வரை எதையும் தொட வேண்டியிருக்காது.

4. வாக்கியத்தை எழுதுவது

‘சேஞ்ச்’தான் சரியான சொல் என்று முடிவாகிவிட்டால், அதன் பின்னால் வரும் சின்னச் சொற்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்றால் ‘ஃப்ரம்... டு...’. ‘ப்ளீஸ் சேஞ்ச் மை அட்ரஸ் ஃப்ரம் குடியாத்தம் டு சத்துவாச்சாரி.’ புதியதை மட்டும் எழுதிவிட்டுப் பழையதை விட்டுவிடாதீர்கள், எந்தப் பதிவை எடுத்துத் திருத்துவது என்று எழுத்தருக்குத் தெரியாது. ஒரு பொருள் உருமாறினால் ‘இன்டு’, ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினால் ‘ஃபார்’.

பெயர்ச்சொல்லாக எழுதும்போது ‘சேஞ்ச் ஆஃப்’ என்றும் ‘சேஞ்ச் இன்’ என்றும் இரண்டைப் பார்ப்பீர்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் ‘ஆஃப்’: சேஞ்ச் ஆஃப் அட்ரஸ், சேஞ்ச் ஆஃப் நேம். இருப்பதற்குள்ளேயே ஏதோ கொஞ்சம் வேறுபட்டால் ‘இன்’: சேஞ்ச் இன் டைமிங், சேஞ்ச் இன் தி வெதர். மேலே சொன்ன பாஸ்போர்ட் வாசகத்தில் ‘இன்’ வருவதும் இதனால்தான், விவரங்களில் ஏதோ ஒன்றுதானே மாறுகிறது.

வங்கிக்கு எழுத இது போதும்:

‘சப்ஜெக்ட்: சேஞ்ச் ஆஃப் அட்ரஸ். ஐ ஹேவ் மூவ்டு ஃப்ரம் குடியாத்தம் டு சத்துவாச்சாரி, வேலூர். ப்ளீஸ் சேஞ்ச் தி அட்ரஸ் இன் மை அக்கவுண்ட் டு தி ஒன் கிவன் பிலோ. எ காப்பி ஆஃப் மை ஆதார் இஸ் என்க்ளோஸ்டு.’

வீடு மாறியதற்கு ‘மூவ்டு’ என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ‘ஐ சேஞ்ச்டு மை ஹவுஸ்’ என்றால் வீட்டை இடித்துக் கட்டியதாகக்கூட எடுத்துக்கொள்ளலாம். கீழே கணக்கு எண், கைபேசி எண், பழைய முகவரி, புதிய முகவரி, கையெழுத்து. ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ தேவையில்லை. போட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள், என்றாலும் கேட்டதை மேலேயே கேட்டாகிவிட்டது.

எழுத்துக்கூட்டலில் ஒரு கண்: ‘சேஞ்சிங்’ என்று எழுதும்போது கடைசி ‘ஈ’ எழுத்து விழுந்துவிடும். இறந்தகாலத்தைச் சொல்லும்போது ‘சேஞ்செடு’ என்று இழுக்காமல், ஒரே அசையாக ‘சேஞ்ச்ட்’ என்று முடியுங்கள். கைப்பட எழுதினால் கடைசிக்கு முன்னால் இருக்கும் ‘ஜி’ எழுத்தைத் தெளிவாகப் போடுங்கள். இல்லாவிட்டால் அது ‘சான்ஸ்’ ஆகிவிடும், மேலாளர் உங்களுக்கு என்ன வாய்ப்புக் கொடுப்பது என்று யோசிப்பார்.

5. பேச்சில் வருவது

இது சுருக்கமாக. வண்டி மாறி ஏறுவது ‘சேஞ்ச் ட்ரெயின்ஸ்’, எப்போதும் பன்மையில்தான். ஒன்றிலிருந்து இறங்கி ஒன்றில் ஏறுகிறோம், இரண்டு வண்டி இருக்கிறதே. வெளியூர்க்காரர் சென்னையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட்டுக்கு வர வழி கேட்டால் ‘சேஞ்ச் அட் காட்பாடி’ என்றால் போதும். பெங்களூரு, சென்னை வண்டிகள் நிற்பது காட்பாடியில். கன்டோன்மென்ட் இருப்பது விழுப்புரம் பாதையில்.

‘டிரஸ் சேஞ்ச் பண்ணிட்டு வர்றேன்’ என்பதை ‘ஐ வில் சேஞ்ச் மை டிரஸ்’ என்று பெயர்க்கிறோம். ஆங்கிலத்தில் ‘டிரஸ்’ என்றால் பெண்கள் போடும் கவுன். ஆண்கள் ‘ஐ வில் கெட் சேஞ்ச்டு’ என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை, பெண்களுக்கும் அது பொருந்தும். சில்லறை என்ற பொருளில் வரும் ‘சேஞ்ச்’ எண்ண முடியாத சொல். ‘சேஞ்சஸ் இருக்கா’ என்று பன்மையில் கேட்பதில்லை. மனசு மாறிவிட்டது என்பதற்கு ‘ஐ ஹேவ் சேஞ்ச்டு மை மைண்ட்’. தமிழில் மனசு தானாக மாறும், ஆங்கிலத்தில் அதை நாமே மாற்றிக்கொள்ள வேண்டும்.

6. வரிசையும் நாட்களும்

எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் நிறையப் பேருக்கு நாள் வீணாகிறது. அடிப்படைச் சான்றில் தொடங்குங்கள்: கரெக்‌ஷன் என்றால் பிறப்புச் சான்றிதழ், சேஞ்ச் என்றால் கல்யாணச் சான்றிதழ் அல்லது கெஜட். அது கையில் வந்த பிறகு ஆதார். ஆதார் முடிந்ததும் பான். இரண்டும் இணைக்கப்பட்டிருப்பதால் பெயர் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் வங்கி. பாஸ்போர்ட்டைக் கடைசியில் வையுங்கள், செலவும் அதில்தான் அதிகம், மற்றவை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் அங்கேதான் அதிகம்.

ஆதார் அப்டேட் சில நாட்களில் முடிவதும் உண்டு, 30 நாள் வரை இழுப்பதும் உண்டு. எனவே அதே வாரத்தில் பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட்டை எடுத்துவிடாதீர்கள். ஆதார் மையத்தில் தரும் சீட்டில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு வெயிலில் மங்கிவிடும், வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெராக்ஸ் எடுக்கும்போது ஒவ்வொரு ஆவணத்திலும் மூன்று பிரதியும், அசல் முழுவதும் ஒரே கவரிலும் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஜெராக்ஸில் கையெழுத்துப் போடும்போது எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ‘ஃபார் சேஞ்ச் ஆஃப் அட்ரஸ் ஒன்லி’ என்று எழுதி, தேதி போட்டால் அந்தப் பிரதியை வேறு எதற்கும் பயன்படுத்துவது கடினம்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு: வீடு மாறினால் 30 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் அது ‘சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்’, படிவம் 33. ராணிப்பேட்டைப் பதிவான டி.என். 73 வண்டியோடு வேலூருக்குக் குடிவந்தால் எண் டி.என். 23 ஆகாது, முகவரி மட்டும்தான் மாறும். எண்ணை மாற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். பழைய வண்டி வாங்கினால் அது ‘ட்ரான்ஸ்ஃபர் ஆஃப் ஓனர்ஷிப்’, படிவம் 29-உம் 30-உம். விற்றவர் 14 நாட்களுக்குள், வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இங்கே ‘நேம் சேஞ்ச்’ என்று கேட்டு நின்றால், ஆர்.சி.யில் உங்கள் பெயரில் பிழை இருப்பதாக நினைத்துக்கொண்டு வேறு ஜன்னலுக்கு அனுப்புவார்கள். விற்றவர் கையெழுத்தில்லாத படிவத்தோடு போகாதீர்கள். அவர் ஊரை விட்டுப் போவதற்குள் இரண்டு படிவத்திலும் வாங்கிவிடுங்கள்.